கடைசி அரைப்பக்கம்

ரோலண்ட் கெட்ஜ் ஒரு கிழவியைக் கொன்றார். ஆயுதம் தட்டச்சு இயந்திரம். நேரம், மாலைத் தேநீருக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் நடுவே ஒரு சோம்பலான பொழுது. அடெலா க்ரேக் என்ற பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு, பிறந்த ஆண்டை அடித்து, ஒரு கோடு இழுத்து, கோட்டுக்கு அந்தப் பக்கம் 1919 என்று அடித்தார். அந்த வருஷம் விஷக்காய்ச்சலில் ஊர் ஊராகச் செத்திருந்தார்கள். கூட்டத்தோடு கூட்டமாக இன்னும் ஒருத்தியைச் சேர்த்தால் யார் எண்ணிப் பார்க்கப் போகிறார்கள்?

பேய்க்கதைத் தொகுப்பாளர்களுக்குச் செத்தவர்களைப் போல் பிரியமானவர்கள் கிடையாது. செத்து ஐம்பது வருஷம் ஆன எழுத்தாளரிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அவர் பிழைதிருத்தம் அனுப்ப மாட்டார், அட்டையில் மண்டையோடு எதற்கு என்று சண்டைக்கு வரமாட்டார். க்ரேக் எப்போது செத்தாள் என்று கெட்ஜுக்குத் தெரியாது. தேடுவதைவிடக் கொல்வது சுலபமாக இருந்தது. புத்தகத்தின் முன்பக்கத்தில் வழக்கமான வரியையும் சேர்த்தார்: 'உரிமையாளர்களைக் கண்டறிய எல்லா முயற்சியும் செய்யப்பட்டது.' அந்த வரியை அடிக்கும்போது அவர் எப்போதும் ஒரு பிஸ்கட் சாப்பிடுவார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். க்ரேக்கின் கதை, 'முன்னறையில் ஒருத்தி', தேவாலயத்துப் பழம்பொருள் விற்பனையில் கிடைத்த ஒரு பழைய மாதப் பத்திரிகைக் கட்டில் இருந்தது. மனைவியோடு வாழும் ஒருவன், வீட்டு முன்னறையில் சன்னலைப் பார்த்துப் போட்ட நாற்காலியில் யாரோ முதுகு காட்டி உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறான். நாற்காலிக்கு மேலே ஒரு பின்னந்தலை மட்டும் தெரிகிறது. ஈரக் கம்பளி வாடை அடிக்கிறது. மனைவி அடுக்களையில் பாடிக்கொண்டிருக்கிறாள். கடைசியில் அவன் நெருங்கிப் போய் நாற்காலியின் முதுகில் கை வைக்கிறான். அங்கே பக்கம் முடிந்தது. அடுத்த தாள் இல்லை. பல் விழுந்த ஈறு மாதிரி தையல் மட்டும் தெரிந்தது.

பேய்க்கதையை முடிக்கத் தெரியாத ஆள் இங்கிலாந்தில் உண்டா என்று கெட்ஜ் நினைத்தார். இது அவருக்குப் பதினான்காவது தொகுதி. ஒன்றில்கூட அவருக்கு மயிர்க்கூச்செறிந்ததில்லை. கறிக்கடைக்காரர் ஆட்டைப் பார்ப்பதுபோல்தான் அவர் பேயைப் பார்ப்பார். எங்கே வெட்டினால் எவ்வளவு தேறும் என்பதுதான் கேள்வி. வாசகர்கள் மேல் அந்த மரியாதைகூட இல்லை. ரயில் ஏறும்போது வாங்கி, இறங்கும்போது இருக்கையில் விட்டுவிட்டுப் போகிற கூட்டம். அவர்களுக்கு இது போதும் என்று காணாமல் போன முடிவை அவரே எழுதினார். முட்டை வேகும் நேரம்கூட ஆகவில்லை.

'அது திரும்பியது. அதற்கு அவன் மனைவியின் முகம் இருந்தது. அவன் அலறிக்கொண்டு அடுக்களைக்கு ஓடினான். அடுப்பின் முன் நின்றவள் பாட்டை நிறுத்திவிட்டு மெல்ல அவன் பக்கம் திரும்பினாள். அவளுக்கு முகம் இல்லை.'

மட்டமான சரக்கு என்று சொல்லிக்கொண்டார். அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

புத்தகம் கிறிஸ்துமஸுக்கு முன் கடைக்கு வந்தது. அட்டையில் மண்டையோடு, அதன் மேல் மெழுகுவர்த்தி, கண்குழியில் ஒரு புழு. இருபதாயிரம் பிரதிகள். நன்றாகவே போயிற்று.

ஜனவரியில் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். பிப்ரவரி வந்தபோது நிலக்கரி இல்லை. மின்சாரத்தை முறைவைத்து நிறுத்தினார்கள். நார்விச்சில் கெட்ஜ் குடியிருந்த தெருவுக்குப் பெரும்பாலும் பிற்பகல்தான் வாய்த்தது. மதியச் சாப்பாட்டுப் பாத்திரம் கழுவி முடியுமுன் வெளிச்சம் அழுக்குத் தண்ணீர் நிறமாகிவிடும். குளிர்பெட்டியின் முனகல் நிற்கும். அது நின்ற பிறகுதான் வீட்டில் அதுவரை எத்தனை சத்தம் இருந்தது என்று தெரியும். அப்புறம் மண்ணெண்ணெய் அடுப்பின் நாற்றம், மெழுகு உருகும் வாசனை, சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக்காரர் எதிலோ இடித்துக்கொண்டு திட்டுவது.

அப்படி ஒரு பிற்பகல், லண்டனிலிருந்து தொலைபேசி வந்தது. பதிப்பகத்தில் அவருடைய புத்தகங்களைக் கவனிக்கும் ப்ரெண்டா ஹோலிஸ்.

"மிஸ்டர் கெட்ஜ், சின்ன விஷயம்தான். நீங்க புதைச்சதுல ஒருத்தவங்க எழுந்து உக்காந்துட்டாங்க."

"யாரு?"

"அடெலா க்ரேக். க்ரோமர்ல ஒரு முதியோர் விடுதியில இருக்காங்களாம். விடுதியம்மா போன் பண்ணாங்க. கிட்டத்தட்ட தொண்ணூறு வயசு. உங்க கணக்குப்படி போய்ச் சேர்ந்து அம்பது வருஷத்துக்கு மேல ஆச்சு."

"ரொம்பக் கோவமா?"

"செத்ததுக்குக் கோவமே இல்லையாம். 'அது பரவாயில்ல, எங்க அக்கா மகளும் அப்படித்தான் நினைச்சிட்டிருக்கா'ன்னாங்களாம். கடைசி அரைப்பக்கத்தை எழுதினது யாருன்னு மட்டும் தெரியணுமாம். உடனே. யாரு எழுதினது, மிஸ்டர் கெட்ஜ்?"

கெட்ஜ் இருமினார். "லைன் சரியில்ல ப்ரெண்டா."

"லைன் நல்லாத்தான் இருக்கு. ஒரு கேக் வாங்கிட்டு நேர்ல போங்க. மன்னிப்பு கேக்கும்போது உங்க மூஞ்சி இருக்கற இருப்புக்கு யாரும் ரொம்ப நேரம் கோவமா இருக்க மாட்டாங்க."

அடுத்த வாரம் போகலாம், அதற்குள் கிழவி நிஜமாகவே போய்ச் சேர்ந்தாலும் சேரலாம் என்று நினைத்துக்கொண்டு அவர் ரிசீவரை வைத்தார். கூடத்திலிருந்து பார்த்தால் முன்னறைக் கதவு பாதி திறந்திருந்தது. சன்னலைப் பார்த்துப் போட்டிருந்த சாய்வு நாற்காலிக்கு மேலே மியூரியலின் பின்னந்தலை தெரிந்தது.

"கேட்டியா மியூரியல்," என்றார் அவர் வாசலில் நின்றபடி. "நான் கொன்னவ ஒருத்தி உயிரோட இருக்காளாம்."

"என்ன ரோலி?" என்று மியூரியல் அடுக்களையிலிருந்து கேட்டாள். "குழாய்ச் சத்தத்துல ஒண்ணும் விழல."

அந்த நேரம் மின்சாரம் போயிற்று. அவர் சட்டைப்பையில் தீப்பெட்டியைத் தேடி எடுத்து, இரண்டு குச்சிகளை ஒடித்து, மூன்றாவதைப் பற்ற வைத்தபோது நாற்காலி காலியாக இருந்தது. நாற்காலித் தலையணையைப் பார்த்திருப்பேன் என்று முடிவு செய்தார். தன் சாராயத்தைத் தானே குடித்துவிட்டுத் தெருவில் விழுந்து கிடக்கும் கடைக்காரனைப் பார்ப்பதுபோல் தன்னைப் பார்த்து அருவருப்பாகச் சிரித்தார். அந்தத் தலையணை அடுத்த அறையில் கிடந்தது. அதைப் பற்றி அவர் யோசிக்கவில்லை.

மியூரியலோடு அவருக்குக் கல்யாணமாகிக் கிட்டத்தட்ட முப்பது வருஷம். அவளுக்கு இடது புருவம் மட்டும் தனியாக ஏறும். அவர் பெரிதாக ஏதாவது சொல்லும்போது ஏறும், பொய் சொல்லும்போது ஏறும், தன் புத்தகம் எப்படி என்று கேட்கும்போது கூரை வரை ஏறும். அவருடைய தொகுதிகளில் ஒன்றையும் அவள் படித்ததில்லை. "எனக்கு பயம்னா பல் டாக்டர் போதும்," என்பாள். பகல் முழுதும் எழுத்தாளர்களைக் கல்லறையிலிருந்து தோண்டிவிட்டு வருகிற மனுஷனுக்கு அந்தப் புருவத்தைப் பார்த்தால்தான் வீடு வந்து சேர்ந்த மாதிரி இருக்கும். இதை அவர் அவளிடம் சொன்னதில்லை. சொன்னால் அதற்கும் ஏறும்.

மறுநாள் பிற்பகல் நாற்காலியில் மறுபடி தலை. இப்போது அவருக்குக் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. முடி ஈரமாக, மண் நிறத்தில், கொண்டையாகச் சுற்றியிருந்தது. மியூரியலுக்குக் குட்டை முடி. மழையில் நனைந்து, காயாமலே பெட்டியில் மடித்து வைத்த கம்பளிக் கோட்டின் வாடை கூடம் வரை வந்தது. அடுக்களையில் மியூரியல் உருளைக்கிழங்கு சீவும் சத்தம் கேட்டது. சரக், சரக். ஒரு பாட்டின் பாதியை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

கெட்ஜ் கதவை மெதுவாகச் சாத்தினார். இந்த மாதிரிக் காட்சிகளை எத்தனையோ தடவை வெட்டியும் ஒட்டியும் அச்சுக்கு அனுப்பியிருக்கிறார். 'அவனது இரத்தம் உறைந்தது' என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் அவருக்குக் குமட்டும். இரத்தம் உறையவில்லை. சிறுநீர் வந்தது. மாடிக்குப் போனார்.

அதற்கு அடுத்த நாள் அது கொஞ்சம் திரும்பியிருந்தது. உடம்பு இல்லை, தலை மட்டும். யாரோ பின்னாலிருந்து பேர் சொல்லிக் கூப்பிட்டு, கேட்டதா இல்லையா என்ற சந்தேகத்தில் லேசாகத் திரும்புவார்களே, அந்த அளவு. ஈர முடிக்குக் கீழே ஒரு காது தெரிந்தது. சின்னக் காது. மடல் கன்னத்தோடு ஒட்டி, நுனியில் தோடு போட்ட ஓட்டை கொஞ்சம் கீழே இழுபட்டு இருந்தது. அந்தக் காதை அவர் முப்பது வருஷமாக, தூக்கம் வராத இரவுகளில், தலையணை மேல் பார்த்திருக்கிறார்.

அடுக்களைக்கு ஓடினார். மியூரியல் தொட்டிக்கு முன் முதுகு காட்டி நின்றிருந்தாள். தலையில் துண்டைச் சுற்றியிருந்தாள்.

"தலை குளிச்சியா?"

"இல்லியே. காது குளிருது." அவள் திரும்பவில்லை. "ரோலி, என் கண்ணாடிய அந்த மேசை மேல வை. போட்டா நிக்கவே மாட்டேங்குது. வழுக்கிட்டே இருக்கு."

அவர் கண்ணாடியை எடுத்தார். அதன் கம்பிகள் கோணவில்லை.

அப்போதுதான் தோன்றியது. அந்தப் புருவத்தைப் பார்த்து எத்தனை நாள் ஆயிற்று? காலையில் அவள் முந்தி எழுந்துவிடுகிறாள். மேசையில் செய்தித்தாளை உயரப் பிடித்துக்கொள்கிறாள். சாப்பிட்டாயா என்றால் அப்போதே ஆயிற்று என்கிறாள். அவள் தட்டில் வைத்த ரொட்டி வைத்தபடியே விறைத்துப் போகிறது. படுக்கையில் சுவர் பக்கம் திரும்பிப் படுக்கிறாள். இருட்டில் அவள் குரல், கம்பளிக்குள்ளிருந்து வருவதுபோல, கொஞ்சம் கொஞ்சமாக மழுங்கி வந்திருக்கிறது. அவளுக்கு எதுவும் தெரிந்த மாதிரியில்லை. எப்போதும்போல் கேலி பேசுகிறாள், எப்போதும்போல் பாதிப் பாட்டை முணுமுணுக்கிறாள். வாயைத் திறக்காமல் முணுமுணுக்கிறாள்.

அன்று மாலை அவர் சாய்வு நாற்காலியைக் கயிறு கட்டி இழுத்தார். கையால் தொடவில்லை. கதையில் தொட்டதும்தான் அது திரும்பியது. அதை எழுதிய மடையன் அவரேதான். கூடத்தில் இழுத்து, பின்வாசல் வழியே இழுத்து, நிலக்கரிக் கொட்டகையில் தள்ளிப் பூட்டினார். மூச்சு வாங்கியது. பேயை ஜெயித்த மனிதன் என்று தன்னைப் பார்த்து இளித்துக்கொண்டார்.

"நாற்காலிய எங்க கொண்டு போற?" என்று உள்ளிருந்து மழுங்கிய குரல் கேட்டது.

"பூச்சி அரிச்சிருக்கு."

"உன் மூளையவா?"

அவர் சிரித்தார். கண்ணில் நீர் வந்தது. இந்தக் குரலுக்கு ஒரு முகம் இருந்தது. அது அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. இருந்ததா? புருவம் ஞாபகம் வந்தது. அதற்குக் கீழே என்ன நிறக் கண் என்று யோசித்தபோது ஒரு நொடி எதுவும் வரவில்லை.

மறுநாள் அது சாப்பாட்டு மேசையில் இருந்தது. சுவரைப் பார்த்துப் போட்டிருந்த மர நாற்காலியில். நாற்காலி அதற்கு ஒரு பொருட்டே இல்லை. உட்கார இடம் போதும். காதுக்கு முன்னால் கன்னம் தெரிந்தது. கன்னத்துக்கு மேலே இடது புருவத்தின் வால். அது கொஞ்சம் ஏறியிருந்தது.

அடுக்களையிலிருந்து மியூரியல் கூப்பிட்டாள். "ரோலி, இங்க வா. என் மூஞ்சியில என்னமோ... இத கொஞ்சம் பாரேன்."

காலடி. அவள் திரும்பும் சத்தம். செருப்பு தரையில் தேய்ந்தது.

"திரும்பாத," என்றார் கெட்ஜ்.

"என்னது?"

"திரும்பாத மியூரியல். தயவுசெஞ்சு. அப்படியே நில்லு."

கண்ணை இறுக மூடிக்கொண்டு, சுவரைத் தடவியபடி, மாடிப்படி வரை போனார். அவள் திரும்பி, அவர் பார்த்துவிட்டால், அந்த அரைப்பக்கம் கடைசி வரி வரை முடிந்துவிடும். பார்க்காத வரை மிச்சம் இருக்கிறது. இது கோழைத்தனம் என்று அவருக்குத் தெரியும். அன்பும்தான். இரண்டையும் ஒரே ஆள் வைத்துக்கொண்டிருந்தால் யாரால் பிரித்துச் சொல்ல முடியும்?

இரவு முழுதும் தட்டச்சு செய்தார். 'நாற்காலியில் யாரும் இல்லை.' அடித்துவிட்டு மாடிப்படியில் வந்து நின்றார். கீழே ஈர வாடை அப்படியே இருந்தது. 'அவன் விழித்துக்கொண்டான், எல்லாம் கனவு.' இப்படி முடிகிற கதைகளை அவர் வாழ்நாளெல்லாம் கூடையில் வீசியிருக்கிறார். இப்போது மூன்று தடவை அடித்தார். தன்னிடம் இருந்த பிரதியில் அந்த அரைப்பக்கத்தைக் கறுப்பு மையால் அழித்தார். இருபதாயிரத்தில் ஒன்று அழிந்தது. மீதிப் பிரதிகளில், எங்கெங்கோ ரயில்களில், படுக்கையோரங்களில், யாரோ ஒருவர் கடைசி வரிக்கு வந்துகொண்டே இருந்தார்.

உண்மையான முடிவு ஒன்று இருக்கிறது. அதை எழுதியவள் உயிரோடு இருக்கிறாள். அந்த முடிவில் அவன் மனைவி தப்பித்திருக்கலாம். பிசாசு போயிருக்கலாம். பழைய பத்திரிகைகளில் ஒரு பாதிரியார் வந்து ஜெபித்தால் போதும், எல்லாம் சரியாகிவிடும். அப்படிப்பட்ட கதைகளை எவ்வளவு ஏளனம் செய்திருக்கிறார். இப்போது அந்தப் பாதிரியார் கிடைத்தால் காலைக் கட்டிக்கொள்வார்.

மறுநாள் மதியம் அடுக்களை வாசலில், தரையைப் பார்த்தபடி நின்றார். "க்ரோமர் போறேன். நீயும் வரியா?"

அவள் துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். முதுகு மட்டும். பதில் வர நேரமாயிற்று. வந்தபோது சொல் பாதிதான் புரிந்தது. வேலை இருக்கிறது, நீ போய்விட்டு வா என்பது போலிருந்தது. அப்புறம் அவள் கை பின்னால் நீண்டு, அவர் இருக்கும் திசையில், காற்றில் ஒரு தடவை தட்டிக் கொடுத்தது. அவளுக்கு அவர் எங்கே நிற்கிறார் என்று சரியாகத் தெரியவில்லை.

கேக் வாங்கினார். மழை பெய்தது. காரின் துடைப்பான் ஒரு பக்கம்தான் வேலை செய்தது. ஐல்ஷம் தாண்டியதும் சாலையின் இரண்டு புறமும் உழுத நிலம் கறுப்பாகப் பளபளத்தது. ஈரக் கம்பளி வாடை வந்தது. தன் கோட்டுதான் நனைந்திருக்கிறது என்று நினைத்து சன்னலைக் கொஞ்சம் இறக்கிவிட்டார். சாலையை மட்டும் பார்த்து ஓட்டினார். அதுதான் அவருக்குப் பழக்கம். பக்கத்து இருக்கையில் எப்போதும் மியூரியல் இருப்பாள், வழியை அவள் பார்த்துக்கொள்வாள்.

விடுதி கடலுக்கு முதுகு காட்டி நின்றது. இங்கும் மின்சாரம் இல்லை. மாடியேறி, வேகவைத்த முட்டைக்கோஸ் வாசனை வந்த ஒரு நடையைக் கடந்து ஒரு பெண் அவரை அழைத்துப் போனாள். அடெலா க்ரேக் கம்பளிக்குள் ஒரு குருவி மாதிரி உட்கார்ந்திருந்தார். வாயில் புதினா மிட்டாய். மேசையின் ஒரு கால் ஆடாமலிருக்க அதன் அடியில் கெட்ஜின் பதினான்காவது தொகுதி.

"வாங்க மிஸ்டர் கெட்ஜ். இருபது வருஷம் கூட்டி உங்கள மனசுல வெச்சிருந்தேன். கொலைகாரங்க இளசாத்தான் இருப்பாங்க போல."

"மிஸ் க்ரேக், அந்தத் தேதி ஒரு தவறு. எங்க எல்லா முயற்சியும்..."

"நாப்பது வருஷமா க்ரோமர் தொலைபேசிப் புத்தகத்துல என் பேர் இருக்கு. எல்லா முயற்சியும் செஞ்சவர் அத மட்டும் விட்டுட்டீங்க. கேக்ல திராட்சை இருக்கா? எனக்கு ஒத்துக்காது."

"கதை எப்படி முடியுது, மிஸ் க்ரேக்?"

"உங்க முன்னுரையப் படிச்சேன். 'இரத்தத்தை உறைய வைக்கும்'. நாலு இடத்துல உறைய வெச்சிருக்கீங்க. கடைக்காரர் பனிக்கட்டி விக்கற மாதிரி."

"அந்த முடிவு. கிழிஞ்ச பக்கத்துல இருந்தது. தயவுசெஞ்சு சொல்லுங்க." அவர் கேக்கை மேசை மேல் வைத்தார். "என் மனைவி வீட்ல இருக்கா. அவ திரும்ப மாட்டேங்கறா. நான் திரும்பச் சொல்லவும் மாட்டேன்."

கிழவி மிட்டாயை வாயில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாற்றினார். அதுவரை அவர் முகத்தில் இருந்த ஏளனம் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்தது. அது இருந்திருந்தாலே தேவலை என்று கெட்ஜுக்குப் பட்டது.

"கதையில பக்கம் எதுவும் கிழியல," என்றார். "அந்தப் பத்திரிகை என்கிட்ட இருந்தது. உங்ககிட்ட இல்லாத அந்தத் தாள்ல சோப்பு விளம்பரம். கை வெச்சான்னு எழுதிட்டு நான் பேனாவ மூடிட்டேன். கதை அவ்வளவுதான்."

"ஏன்?"

"எங்க வீட்ல உக்காந்திருந்தது. நான் சின்னப் பொண்ணா இருந்தப்போ. யாரும் கிட்டப் போகல, யாரும் ஒண்ணும் கேக்கல. அதுவும் அது பாட்டுக்கு சன்னலப் பாத்துட்டு இருந்தது. எழுதினப்பவும் அங்கேயே நிறுத்தினேன். எழுத்துல இருந்தவரைக்கும் அது அங்கேயே இருந்தது, முதுகைக் காட்டிட்டு." அவர் மேசைக் காலின் அடியில் இருந்த புத்தகத்தைத் தடியால் தட்டினார். "அதுக்கு முகம் கிடையாது தம்பி. முகம்னு ஒண்ணு வேணும்னே அதுக்குத் தெரியாது. நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்க. யார்கிட்ட இருக்குன்னும் சொல்லிக் குடுத்தீங்க."

"நான் யாரையும் சொல்லல. 'மனைவி'ன்னுதான் எழுதினேன்."

"எழுதறப்போ உங்க மனசுல எந்த மனைவி இருந்தா?"

கெட்ஜ் மேசைக்கு அடியில் குனிந்து தன் புத்தகத்தைப் பார்த்தார்.

"திருப்பி வாங்க முடியுமா?"

"டீ வரும். குடிச்சிட்டுப் போங்க."

"மிஸ் க்ரேக், முடியுமா?"

"தொலைபேசி நடையில இருக்கு," என்றார் கிழவி, அவரைப் பார்க்காமல்.

நடையில் ஒரு மெழுகுவர்த்தி எரிந்தது. தொலைபேசிக்கு எதிரே சன்னல். அவர் வீட்டு எண்ணைச் சுழற்றினார். விரல் வழுக்கியது. மறுபடி சுழற்றினார். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. யாரோ ரிசீவரை எடுத்தார்கள்.

"மியூரியல்?"

பேச்சில்லை. துணி உரசும் சத்தம்.

"மியூரியல், நான்தான். ஏதாவது சொல்லு."

ஒரு சத்தம் கேட்டது. மென்மையான சத்தம். உள்ளங்கை எதன்மேலோ மெதுவாகத் தேய்ந்தது. வழவழப்பான எதன்மேலோ. மேலிருந்து கீழே. கீழிருந்து மேலே. எதையோ தேடுவதுபோல். இருந்த இடத்தில் இல்லாததைத் தேடுவதுபோல். நிற்கவில்லை. தேடிக்கொண்டே இருந்தது.

"நான் வரேன்," என்றார். "அங்கேயே இரு கண்ணு. நான் வந்துட்டே இருக்கேன்."

நிமிர்ந்தார். சன்னல் கண்ணாடிக்கு அப்பால் மழை விட்டிருந்தது. வெளிச்சம் கொஞ்சம் மிச்சம் இருந்தது. கீழே வாசலில் அவருடைய கார்.

பக்கத்து இருக்கையில் மியூரியல்.

ஈர முடி. கொண்டை. முழுதாகத் திரும்பியிருந்தாள். அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் பழுப்பு நிறம். ஆமாம், பழுப்பு. எப்படி மறந்தார்? எத்தனை நாளாக ஏங்கிய முகம். ஒரு சுருக்கம் குறையவில்லை. அவள் சிரித்தாள். இடது புருவம் ஏறியது. ஏறியது. நிற்கவேண்டிய இடத்தில் நிற்கவில்லை. முடிக்குள் போகும் வரை ஏறியது.

அப்புறம் அவள் கையை நீட்டி, ஓட்டுநர் இருக்கையை மெல்லத் தட்டினாள். வா.

ரிசீவரில் உள்ளங்கை இன்னும் தேய்ந்துகொண்டிருந்தது.

பின்னால் தடி ஊன்றும் சத்தம். அடெலா க்ரேக் வந்து அவர் பக்கத்தில் நின்றார். அவருடைய தலை கெட்ஜின் முழங்கைக்குத்தான் வந்தது.

"மிஸ் க்ரேக்." கெட்ஜ் சன்னலைக் காட்டினார். "உங்களுக்குத் தெரியுதா? அது என் மனைவிதானா?"

கிழவி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அவசரப்படாமல், நன்றாக, கீழே பார்த்தார்.

"முகம் அவங்களோடதுதான்," என்றார். "மத்தது இல்ல."